எல்லைக்கு அந்தப் பக்கத்து டீச்சர்

வெல்டா க்ரேபில் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். கேட்ட இடத்தில் தன் முகவரியை ஒளிவு மறைவில்லாமல் எழுதிக் கொடுத்தாள். எங்கள் லிண்ட்வேலில் யாராக இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பார்கள்.

லிண்ட்வேல், கான்சாஸ் மாநிலத்தின் கடைசி ஊர். ஊருக்கு வடக்கே ஒரு கப்பிச் சாலை போகிறது. அதைத் தாண்டினால் நெப்ராஸ்கா. அங்கே ஹார்லோ என்கிற ஊர். எங்கள் தபால் நிலையத்தை ஆள் போதவில்லை என்று இழுத்து மூடிவிட்டார்கள். அதிலிருந்து எங்களுக்கு வரும் கடிதமெல்லாம் ஹார்லோ தபால் நிலையத்துப் பெட்டிகளில்தான் வந்து விழுகிறது. வரி கட்டுவதும் ஓட்டுப் போடுவதும் கான்சாஸில். கரண்ட் பில் வாங்கப் போவது நெப்ராஸ்காவுக்கு. முகவரி என்று எவர் கேட்டாலும் 'ஹார்லோ, நெப்ராஸ்கா' என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. வெல்டாவின் கணவன் மெர்ல் மட்டும் ஹார்லோ என்ற சொல்லைக் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் எழுதுவான். அது அவனுடைய தன்மானம்.

தன்மானம் ஏனென்றால், ஹார்லோவுக்கும் எங்களுக்கும் ஆகாது. முட்டைக்கோசையும் இறைச்சியையும் உள்ளே வைத்துச் சுடும் ரொட்டிக்கு நாங்கள் ஒரு பெயர் சொல்வோம், அவர்கள் வேறொரு பெயர் சொல்வார்கள். ரொட்டி ஒன்றேதான், அதற்கே கைகலப்பு வரைக்கும் போனதுண்டு. எல்லாவற்றுக்கும் மேலே கால்பந்து. எங்கள் பள்ளியின் அணி லிண்ட்வேல் காளைகள். அவர்களுடையது ஹார்லோ சேவல்கள். இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு அணியும் முட்டி மோதிக்கொள்ளும். அன்றைக்கு இரண்டு ஊரிலும் கடை திறந்திருக்காது.

அந்த ஆட்டத்துக்கு ஒலிபெருக்கியில் பேசுகிறவன் மெர்ல். மற்ற நாளெல்லாம் தானியக் கிடங்கில் கோதுமை நிறுத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பான். மைக்கைக் கையில் கொடுத்தால் மட்டும் வேறு ஆள். அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் பையன்களைப் பெயர் சொல்லி, அப்பன் பெயரும் சேர்த்துச் சொல்லி, முழக்குவான். ஹார்லோ பையன்களுக்கு எண் மட்டும்தான். "பந்து இருபத்தி ரெண்டுகிட்ட. கீழ விழுந்துட்டார் இருபத்தி ரெண்டு." ஹார்லோ என்ற பெயர்கூட அவன் வாயிலிருந்து மைக்குக்குள் போனதில்லை. 'வந்திருக்கிற பக்கம்' என்பான். ஊருக்கு அது பரம சந்தோஷம்.

வெல்டாவுக்கு வேலை லிண்ட்வேல் பள்ளியின் சமையலறையில். வியாழக்கிழமை என்றால் சில்லி. கூடவே இலவங்கப் பட்டைத் தூளும் சர்க்கரையும் சுருட்டிச் சுட்ட ரோல். காரமான பீன்ஸ் கறிக்கு இனிப்பு ரொட்டியா என்று வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். வெல்டா சுட்ட ரோலுக்காகவே வியாழக்கிழமைகளில் காய்ச்சலோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளைகள் அப்பா அம்மா ஆன பிறகும், ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு மதியம் பள்ளிப் பக்கம் வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

ஆனால் வெல்டாவுக்கு ரோல் சுடுவது போதவில்லை. தட்டை நீட்டிக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையும் அவள் முன்னால் நிற்கும் அந்தச் சிறு நேரம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏழும் எட்டும் எவ்வளவு? சொன்னாத்தான் சில்லி," என்பாள். பிள்ளை விரலை மடக்கும். வரிசை வாசல் வரைக்கும் நீளும். தலைமை ஆசிரியர் பெங்ஸ்டன் ஒருமுறை வந்து, "வெல்டா, இது சாப்பாட்டு நேரம், கணக்கு நேரம் இல்ல," என்று சிரித்துக்கொண்டே கண்டித்துவிட்டுப் போனார். அன்றைக்கே அவள் முடிவு செய்தாள், கணக்கு நேரத்துக்குள் போய்விடுவது என்று.

இணைய வழியில் சேர்ந்தாள். கல்லூரி எங்கேயோ மூன்று மாநிலம் தள்ளி இருந்தது. விடியற்காலையில் மாவைப் பிசைந்து மூடி வைத்துவிட்டு, அது உப்பி எழும் வரைக்கும் கணினி முன்னால் உட்காருவாள். குழந்தை மனவியலைப் படித்ததும், வகுப்பறை நிர்வாகத்தைப் படித்ததும் மாவு எழுந்த நேரத்தில்தான். கணினியின் பொத்தான்களுக்கு இடையில் மாவு போய் அடைத்துக்கொண்டு, 'எஸ்' என்ற எழுத்து மட்டும் அடித்தால் விழாது. அவளோடு வேலை பார்க்கும் ஜோலின் பக்கத்தில் காரட் சீவிக்கொண்டே பாடத்தைக் கேட்பாள். "இந்த வாத்தியார் மூச்சே விடமாட்டாரா?" என்பாள். சில நாள் ஜோலினுக்கும் பாதிப் பாடம் விளங்கியிருக்கும்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஓய்வு பெறப் போகிறார் என்ற செய்தி வந்தது. பெங்ஸ்டன் சமையலறைக்கே வந்து, "அந்த வகுப்பு உனக்குத்தான், வெல்டா. டீச்சர் உரிமத்தை மட்டும் வாங்கிட்டு வா," என்றார். வெல்டா அன்றைக்கு ரோலுக்கு இரண்டு முறை சர்க்கரை போட்டுவிட்டாள். யாரும் குறை சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது பயிற்சிக் கற்பித்தல் ஒன்றுதான். ஒரு பள்ளியில் ஒரு பருவம் நின்று பாடம் நடத்த வேண்டும். எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்க வெல்டா கல்லூரிக்குப் போன் போட்டாள். பிரையானா என்ற சின்னப் பெண் எடுத்தாள்.

"எல்லாம் ரெடியா இருக்கு மேடம். உங்களுக்கு ஹார்லோ ஸ்கூல்ல பேசி வச்சிருக்கோம். முடிச்சதும் நெப்ராஸ்கா உரிமத்துக்கு எழுதிப் போட்டுடலாம்."

"நெப்ராஸ்கா உரிமத்தை வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது? எங்க ஸ்கூல் கான்சாஸ்ல இருக்கு."

"நீங்க நெப்ராஸ்காவுலதானே இருக்கீங்க?"

"யார் சொன்னா?"

"நீங்கதான் மேடம் சொன்னீங்க. சேரும்போது சொன்னீங்க. வருஷா வருஷம் முகவரி இதேதானான்னு கேட்டிருக்கோம். ஆமான்னு சொல்லியிருக்கீங்க."

"ஐயோ, அது லெட்டர் வர்ற இடம்மா! நான் இருக்கிறது இந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?"

"ரோட்டுக்கு இந்தப் பக்கம்."

"அப்போ, லெட்டர் எடுக்க நீங்க வேற மாநிலத்துக்குப் போறீங்களா மேடம்?"

"தினமும் போறேன். நாயையும் கூட்டிக்கிட்டு."

பிரையானா பாவம், பொறுமைசாலி. விளக்கிச் சொன்னாள். டீச்சர் உரிமம் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகக் கொடுப்பது. மாணவி எந்த மாநிலத்தில் இருக்கிறாளோ அந்த மாநிலத்துச் சட்டத்துக்குத் தங்கள் படிப்பு போதுமா என்று கல்லூரி பார்த்து வைக்கும். வெல்டாவுக்கு நெப்ராஸ்காவைப் பார்த்து வைத்திருந்தார்கள். அது கச்சிதம்.

"கான்சாஸுக்கு?"

"சரியா வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது மேடம். நாங்க பார்த்ததே இல்ல. அங்க எந்த ஸ்கூலோடயும் எங்களுக்கு ஏற்பாடும் கிடையாது."

"சரி, இப்போ முகவரியை மாத்திக்கோம்மா. நான் கான்சாஸ்."

"மாத்தினா நீங்க கான்சாஸ் மாணவி ஆயிடுவீங்க. கான்சாஸ் மாணவிகளை இந்தப் படிப்புல நாங்க சேர்க்கிறதில்ல மேடம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் காதுல வாங்கல. நீங்களும் சொல்லல," என்றாள்.

வழி இல்லாமல் இல்லை. ஹார்லோவில் பயிற்சி, நெப்ராஸ்கா உரிமம், அந்தப் பக்கமே ஓரிரு வருடம் வேலை. அந்த அனுபவத்தைக் காட்டிக் கேட்டால் கான்சாஸும் உரிமம் கொடுக்கக்கூடும். இல்லாவிட்டால் வேறு கல்லூரியில் பாதியிலிருந்து மறுபடி. வெல்டா போனை வைத்துவிட்டு, எழுந்து நின்ற மாவை ஓங்கிக் குத்தினாள். அன்றைக்கு ரோல் கல்லாகிவிட்டது.

"ரோட்டைத் தாண்டினா ரெண்டு நிமிஷம். அதுக்கு இவ்வளவு அக்கப்போரா?" என்றாள் ஜோலின். "நீ பொய் சொல்லியிருந்தாக்கூட இவ்வளவு மாட்டியிருக்க மாட்டே."

பெங்ஸ்டனிடம் போய்ச் சொன்னாள். இரண்டு வருடம் அந்தப் பக்கம் போய்விட்டு வர வேண்டியிருக்கும், மூன்றாம் வகுப்பைக் காத்து வைக்க முடியுமா என்று கேட்டாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தனக்காகத்தான் இவ்வளவு யோசிக்கிறார் என்று வெல்டாவின் மனம் இளகியது.

"அப்போ வியாழக்கிழமை ரோல் யார் சுடுவா?" என்றார் பெங்ஸ்டன்.

வெல்டாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடமும் அவளை அவர் பார்த்தது ரோலாகத்தான். வகுப்பைக் காத்து வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அடுத்த மாதமே விச்சிட்டா நகரத்திலிருந்து ஓர் இளைஞனை அமர்த்திவிட்டார்கள். அவன் நல்ல பையன்தான், அவனைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது.

வீட்டில் சொன்னபோது மெர்ல் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"சேவலுக்கா பாடம் எடுக்கப் போற?"

"பிள்ளைங்களுக்கு."

"முட்டைக்குள்ள இருந்தாலும் சேவல் சேவல்தான்."

"மெர்ல், எனக்கு வேற வழி இல்ல."

"நான் மைக்ல நிக்கிறவன், வெல்டா. இந்த ஊர்ல எனக்குன்னு ஒரு பேர் இருக்கு."

"எனக்குன்னு ஒரு கரண்டி இருக்கு. வாழ்க்கை முழுக்க அதையே பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா?"

அவன் தட்டைத் துடைத்தாற்போல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான். வீடு அதற்குப் பிறகு அமைதியாகிவிட்டது. சண்டை ஒன்றும் கிடையாது. உப்பை எடு, கதவைச் சாத்து, நாயை வெளியே விடு, அவ்வளவோடு பேச்சு நின்றது. வெல்டாவுக்குச் சண்டை போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

அவள் சாலையைத் தாண்டினாள். பயிற்சி முடிந்தது, உரிமம் வந்தது, ஹார்லோ பள்ளியே அவளை மூன்றாம் வகுப்புக்கு எடுத்துக்கொண்டது. முதல் நாள் வாசலில் ஒரு சிறுமி, "குட் மார்னிங், மிசஸ் க்ரேபில்," என்றாள். வெல்டா திரும்பிப் பார்த்தாள், மாமியார் எங்கே இங்கே வந்தாள் என்று. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் சமையலறைக்காரர்களை எல்லாப் பிள்ளைகளும் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். ஆசிரியைக்குத்தான் மிசஸ். லிண்ட்வேலில் வேலைக்குச் சேர்ந்தபோதும் அவள் வெல்டா, தலை நரைத்த பிறகும் வெல்டா. இங்கே பொடிசுகள் வந்து மிசஸ் போட்டதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. உடனே, "ஏழும் எட்டும் எவ்வளவு?" என்று கேட்டுச் சமாளித்தாள். அந்தச் சிறுமி யோசிக்காமலே சொன்னது. சேவல் குஞ்சுகள் மோசமில்லை என்று மனதுக்குள் ஒத்துக்கொண்டாள். வெளியில் யாரிடமும் சொல்லவில்லை.

ஹார்லோ சமையலறையில் நாசூக்காகக் கேட்டுப் பார்த்தார்கள். "ஒரே ஒரு வியாழக்கிழமை, மிசஸ் க்ரேபில், எங்களுக்கும் அந்த ரோல்..." வெல்டா தலையை ஆட்டினாள். அந்தப் பக்குவத்தை ஜோலினிடம் மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அது காளைகளின் சொத்து. அதில் அவளுக்கும் கொஞ்சம் தன்மானம் இருந்தது.

அதைப் போய் லிண்ட்வேலில் யார் நம்புவது? ஜோலின் நல்லவள், நல்ல உழைப்பாளி. ஆனால் மாவுக்கு அவள் மேல் ஏதோ கோபம், எழவே எழாது. அவள் சுட்ட ரோலைச் சில்லியில் போட்டால் அது நேராக அடியில் போய் உட்காரும். ஊர் முழுக்க ஒரே பேச்சு: வெல்டா வேண்டுமென்றே ஒரு சாமானை மறைத்துவிட்டாள், சேவல்களுக்கு மட்டும் ஒழுங்காகச் சுட்டுப் போடுகிறாள். எங்கள் ஊரைப் பற்றி நானே இப்படிச் சொல்லக்கூடாதுதான். ஆனால் வெல்டா எதிரியோடு சேர்ந்ததைக்கூட மன்னித்திருப்பார்கள், ரோலை மன்னிக்கத் தயாராக இல்லை. மளிகைக் கடையில் அவளைக் கண்டால் சோப்பு அடுக்கிய பக்கமாகத் திரும்பிக்கொண்டு விலை பார்ப்பார்கள்.

அந்த இலையுதிர் காலத்து ஆட்டம் லிண்ட்வேல் மைதானத்தில். இரண்டு ஊருக்கும் பொதுவான வழக்கம் ஒன்றே ஒன்று உண்டு. வந்திருக்கிற ஊரின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்தான் ஆட்டத்துக்கு முன்னால் தேசிய கீதம் பாட வேண்டும். யார் ஆரம்பித்தார்களோ, புண்ணியவான். அந்த ஒரு பாட்டு முடியும் வரைக்குமாவது அடிதடி இருக்காது.

அந்த வாரம் இரவு உணவில் வெல்டாதான் வாயைத் திறந்தாள்.

"வெள்ளிக்கிழமை என்ன சொல்லப் போற?"

"எப்பவும் சொல்றதைத்தான்."

"எப்பவும் என்ன சொல்வே?"

"'வந்திருக்கிற பக்கத்து மூணாம் வகுப்பு.' அவ்வளவுதான்."

"அவங்க டீச்சர் பேரு?"

"அந்தப் பக்கத்துல யார் பேரையும் நான் சொல்றதில்ல. உனக்குத் தெரியாததா?"

வெல்டா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அப்போ எனக்கும் ஒரு நம்பர் குடுத்துடு," என்றாள்.

மெர்ல் உட்கார்ந்தபடியே இருந்தான். உருளைக்கிழங்கு ஆறிப் போயிற்று.

வெள்ளிக்கிழமை மைதானத்தின் விளக்குகளை ஏற்றினார்கள். ஒரு பக்கத்து இருக்கைகளில் எங்கள் நீலம், எதிர்ப் பக்கத்தில் ஹார்லோவின் சிவப்பு. வெல்டா சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு மைதானத்தின் நடுவுக்குப் போனாள். இந்த மைதானத்துக்கு அவள் நீலக் கோட்டில்தான் வந்து பழக்கம். எங்கள் பக்கத்திலிருந்து ஒருவன், "ரோல் எங்கே?" என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது. வெல்டா கேட்காத மாதிரி ஒரு பையனின் காலரைச் சரிசெய்தாள். ஊர் என்ன சொன்னாலும் அவள் தாங்குவாள். மேலே மைக்குக்கென்று கட்டிய பலகைக் கூண்டில் இருக்கும் மெர்ல் அவளை 'வந்திருக்கிற பக்கம்' என்று சொல்லிவிட்டால் எப்படி வீட்டுக்குப் போவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. மெர்ல் இருமினான். மறுபடி இருமினான். மைக் முன்னால் அவன் தடுமாறி எவரும் பார்த்ததில்லை. சனம் நிமிர்ந்து கூண்டைப் பார்த்தது.

"இப்போ தேசிய கீதம்," என்றான். "பாடுறவங்க..."

நின்றான்.

"பாடுறவங்க, ஹார்லோ மூணாம் வகுப்பு."

சிவப்பு இருக்கைகளில் ஒரு கிழவர், தன் காது சரியாகத்தான் இருக்கிறதா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

"நடத்துறவங்க அவங்க டீச்சர். மிசஸ் வெல்டா க்ரேபில்." இங்கே அவன் குரல் கொஞ்சம் உடைந்தது. அதை மறைக்கவோ என்னவோ, எங்கள் பையன்களுக்கு முழக்குகிற அந்தப் பெரிய குரலை எடுத்துக்கொண்டான். "மாவு பிசைஞ்ச கையோட படிச்சுப் பாஸ் பண்ணி, நெப்ராஸ்கா மாநிலத்துல முறைப்படி உரிமம் வாங்கின டீச்சர். கான்சாஸ் மாநிலம், லிண்ட்வேல், என்னோட வீட்டுக்காரி. எல்லாரும் எழுந்திருங்க."

வெல்டா கூண்டைப் பார்க்கவில்லை. பார்த்தால் பாட்டு ஆரம்பிக்காது என்று அவளுக்குத் தெரியும். முதல் நாள் குட் மார்னிங் சொன்ன அந்தச் சிறுமி முன் வரிசையில் நின்றபடி அவள் கோட்டை இழுத்தது.

"மிசஸ் க்ரேபில், அந்த மைக்காரருக்கு உங்களைத் தெரியுமா?"

"இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டார்," என்று வெல்டா கையைத் தூக்கினாள்.

நீலத்தில் முதலில் எழுந்தது ஜோலின். அவளுக்குப் பின்னால் பெங்ஸ்டன், சோப்பு விலை பார்த்தவர்கள், ரோல் எங்கே என்று கத்தியவன், எல்லாரும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். தேசிய கீதத்துக்கு எழுந்துதான் ஆக வேண்டும். ஆனாலும் வெல்டா அதைத் தனக்கென்றே எடுத்துக்கொண்டாள்.